பிடிக்கிறவனுக்கு என்ன விலை?

திருவேங்கடம், குருவிகுளம், கழுகுமலை பக்கம் இரவுக் கபடிப் போட்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். மைக் பிடித்திருப்பவர் ரைடு போகிற பையனின் பெயரை ஊர்ப் பெயரோடு சேர்த்து நீட்டி முழக்குவார். அவன் கோட்டைத் தாண்டினாலே விசில் பறக்கும். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கேட்கவே வேண்டாம், யாராவது ஒரு பெரியவர் நூறு ரூபாய் நோட்டை எடுத்துச் சட்டையில் குத்திவிடுவார்.

அதே ஆட்டத்தில் ஓரத்தில் ஒருவன் நிற்பான். கார்னர். முழங்கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. அவன் ஒரு கணுக்காலைப் பிடித்து, பின்னாலிருந்து நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினால், மைக்கில் வருவது "ரைடர் அவுட்!" என்ற ஒரே வார்த்தைதான். யார் பிடித்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு பழைய இடத்துக்கே போய் நிற்பான்.

இந்தக் கட்டுரை அந்த ஓரத்துப் பையனைப் பற்றியது. கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே கபடி ஆடுகிற ஒரு பிடி ஆட்டக்காரனை, நாளைக்குப் புரோ கபடி ஏலத்துக்குத் தகுதியானவனா என்று எப்படி எடை போடுவது? இப்போது எடை போடுகிற முறை சரியா?

சரியில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. அந்த முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார். பாட்னா அணி கொடுத்தது 12.8 லட்சம் ரூபாய். ஒன்பதே வருடத்தில், 2023 ஏலத்தில், பவன் செஹ்ராவத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் கொடுத்தது 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம். அதாவது சுமார் இருபது மடங்கு! எந்த வங்கி வைப்பு நிதியிலும் இந்த வளர்ச்சி கிடையாது.

ஆனால் அதிக விலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 2018-ல் மோனு கோயத் 1.51 கோடி, 2021-ல் பர்தீப் நர்வால் 1.65 கோடி, 2022-ல் பவன் 2.26 கோடி, 2024-ல் சச்சின் 2.15 கோடி. எல்லோரும் ரைடர்கள். பிடிக்கிறவர்களில் இரண்டு கோடியைத் தாண்டிப் போனவர் ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயிதான். அவரையும் ஏலத்தில் ஆல்ரவுண்டர் என்றுதான் எழுதுகிறார்கள்.

இப்போது அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். 2023 ஏலத்தில் ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கலாம் என்று வைத்த வரம்பு 5 கோடி. தெலுங்கு டைட்டன்ஸ் அதில் பாதிக்கு மேல் ஒரே ரைடருக்குக் கொடுத்தது. சீசன் முடிந்தபோது 12 அணிகளில் அது கடைசி. 22 ஆட்டத்தில் 2 வெற்றி. பவன் நன்றாக ஆடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் அள்ளிக்கொண்டு வந்த புள்ளிகளை இந்தப் பக்கம் காப்பாற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதே ஏலத்தில் புனேரி பல்டன் 2.35 கோடிக்கு ஷாத்லூயியை எடுத்தது. அந்த சீசனில் அவர் 99 பிடி புள்ளி எடுத்தார், லீகிலேயே அதிகம். கோப்பை புனேக்குப் போனது. அடுத்த ஆண்டு அவர் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு 2.07 கோடிக்கு மாறினார். 2024 டிசம்பரில் கோப்பை ஹரியானாவுக்குப் போனது! 2025-ல் குஜராத் 2.23 கோடி கொடுத்து அவரை எடுத்தது. அந்த முறை கோப்பை குஜராத்துக்கு வரவில்லை, தபாங் டெல்லிக்குப் போனது. ஆகவே ஒரு நல்ல பிடி ஆட்டக்காரர் வந்தால் கோப்பை தானாக வந்துவிடும் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு கண்ணியை மட்டும் வைத்துச் சங்கிலி செய்ய முடியாதே! (டெல்லியின் கார்னரில் நின்றவர் யார் தெரியுமா? ஃபசல் அத்ராச்சலி. அவரும் பிடிக்கிறவர்தான்.)

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்கக் கால்பந்தில் அஃபென்சிவ் லைன்மேன் என்று ஐந்து பேர் உண்டு. அவர்கள் பந்தைத் தொடுவதே அரிது. எதிரணி ஆட்கள் தங்கள் அணியின் குவார்ட்டர்பேக் மேல் பாயாமல் மறித்து நிற்பதே வேலை. நன்றாக வேலை செய்தால் யார் கண்ணிலும் பட மாட்டார்கள். ஒரே ஒருமுறை கோட்டை விட்டால் நாடே பார்க்கும்! கல்லூரி முடித்து வருகிற இந்தப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, கை நீளம் அளக்கிறார்கள், 40 கஜம் ஓடச் சொல்கிறார்கள், சுமார் 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள்.

இவ்வளவு அளந்தும் என்ன நடந்தது? 2011-ல் ஜேசன் கெல்சி என்ற சென்டர், உடம்பு சின்னது என்ற குறையோடு வந்தார். 190 பேர் போன பிறகு 191-ஆவதாக எடுத்தார்கள். அவர் 13 சீசன் ஒரே அணிக்கு ஆடி, தன் இடத்தில் தலைமுறையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் என்ற பெயரோடு 2024-ல் ஓய்வு பெற்றார். 2018-ல் ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலியர் வந்தார். ரக்பி ஆடிய பையன், அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 256 பேரில் 233-ஆவதாக எடுத்தார்கள். பிறகு அதே அணிக்கு நிரந்தர இடது டேக்கிள் ஆகிவிட்டார். 2025-ல் சூப்பர் பவுல் வென்ற அணியிலும் இருந்தார்.

டேப்பால் அளந்தது பொய் இல்லை. ஆனால் டேப் பொறுமையை அளக்காது. பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து நகரத் தெரிகிறதா என்று அளக்காது. தப்பு செய்துவிட்டு அடுத்த நிமிடம் எப்படி நிற்கிறான் என்று அளக்காது. நம்மூர் கார்னர் பையனின் கதையும் இதேதான்.

எண் எங்கே ஏமாற்றுகிறது?

கபடியில் பிடி புள்ளி எப்படி எழுதுகிறார்கள் என்பது தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஏழு பேர் சேர்ந்து அமுக்கினாலும் புள்ளி பிடியைத் தொடங்கியவர் கணக்கில்தான் ஏறும். மற்றவர்கள் உதவி.

ஒரு காட்சியைப் பார்ப்போம். ஆண்கள் மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பக்கத்துக்கு ஆறரை மீட்டர் ஆழம். பாடி வருகிறவனுக்கு 30 வினாடி. போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் கார்னர் நிற்கிறான். ரைடர் போனஸுக்குக் காலை நீட்டப் பார்க்கிறான். கார்னர் பாய்வது போல ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு நின்றுவிடுகிறான். ரைடர் பயந்து உள்பக்கம் திரும்புகிறான். அங்கே காத்திருந்த கவர் ஒரே இடி, ரைடர் லாபியைத் தாண்டி வெளியே! புள்ளி யாருக்கு? கவருக்கு. அந்த ஒரு அடி எடுத்து வைத்தவனுக்கு? ஒன்றும் இல்லை.

இன்னொன்று. ஒரு கார்னர் உண்மையிலேயே பயங்கரமானவன் என்று வையுங்கள். நாலு ஆட்டத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அடுத்த போட்டியிலிருந்து ரைடர்கள் அவன் பக்கமே வர மாட்டார்கள். எதிர்ப்பக்கக் கார்னரிடம் போவார்கள். விளைவு, நல்லவனுக்குப் புள்ளி குறையும். சுமாரானவனிடம் வேலை அதிகம் வருவதால் அவன் புள்ளி கூடும்! மாநிலத் தேர்வுக்கு வந்தவர் தாளை மட்டும் பார்த்தால் யாரை எடுப்பார்?

மூன்றாவது விஷயம் பி.காம். படிக்கிறவர்களுக்கு எளிதில் புரியும். வரவு மட்டும் எழுதிப் பற்று எழுதாத பேரேடு உண்டா? பிடி புள்ளிக் கணக்கு அப்படிப்பட்டதுதான். உதாரணத்துக்கு இரண்டு பையன்கள்:

முதல் பையன் ஒரு போட்டியில் 20 முறை பாய்கிறான். 8 முறை பிடிக்கிறான், 12 முறை ரைடர் தப்பித்துப் போகிறார்.

இரண்டாவது பையன் 9 முறைதான் பாய்கிறான். 6 பிடி, 3 தோல்வி.

தாளில் 8 பெரிதா, 6 பெரிதா? 8 தான். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் எதிரணிக்குக் குறைந்தது ஒரு புள்ளி போகிறது. நிகரக் கணக்கு போட்டால் முதல் பையன் தன் அணிக்கு 4 புள்ளி நஷ்டம், இரண்டாவது பையன் 3 புள்ளி லாபம். அது மட்டுமா? தோற்ற ஒவ்வொரு முறையும் அவன் வெளியே போய் உட்கார வேண்டும். கார்னர் இல்லாத அணிக்குள் அடுத்த ரைடு வரும். ஆல் அவுட் ஆனால் இன்னும் 2 புள்ளி போகும். அந்த நஷ்டத்தை யார் பெயரில் எழுதுவது?

பெரிய லீகில் வெற்றி பெற்ற பிடி, தோற்ற பிடி இரண்டையும் குறித்து வைக்கிறார்கள். கல்லூரிப் போட்டிகளிலும் ஊர்ப் போட்டிகளிலும் ஸ்கோர் தாளில் இருப்பது பெரும்பாலும் மொத்தப் புள்ளிதான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பையனின் மூன்று வருட எதிர்காலத்தை முடிவு செய்கிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

ஆறு கேள்விகள் போதும். யார் வேண்டுமானாலும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கலாம்.

ஒன்று, கால். கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். ரைடர் எதிர்ப்பக்கம் இருக்கும்போது இந்தக் கார்னர் குதிகால் ஊன்றி ஓய்வெடுக்கிறானா, முன்பாதத்தில் நிற்கிறானா? குதிகால் ஊன்றியவன் அரை வினாடி தாமதமாவான். கணுக்கால் பிடியில் அரை வினாடி என்பது ஒரு யுகம்.

இரண்டு, பொறுமை. ரைடர் ஆசை காட்டுவான். கையை நீட்டுவான், காலை நீட்டி இழுப்பான், முதுகைக்கூடக் காட்டுவான். எத்தனை ஆசைக்கு இந்தப் பையன் மசியவில்லை? இளைஞர்கள் தோற்பது பெரும்பாலும் பலம் போதாமல் இல்லை, அவசரப்பட்டு முன்னால் பாய்வதால்தான். ரைடர் ஒன்றும் எடுக்காமல் திரும்பிப் போனால் அதுவும் பிடிக்கிறவர்களின் வெற்றிதான். அப்படி இரண்டு முறை திரும்பினால் மூன்றாவது ரைடு வாழ்வா சாவா! அப்போது பாய்ந்துகொள்ளலாம்.

மூன்று, பிடித்த பிடி நின்றதா? கணுக்காலைப் பிடிப்பது ஒரு வித்தை. பிடித்ததை விடாமல், துணைக்கு ஆள் வரும்வரை அந்தக் காலைத் தரையிலிருந்து தூக்கிவைத்திருப்பது வேறு வித்தை. தோள் பலமும் இடுப்பு பலமும் இங்கேதான் தெரியும். ஆண்கள் கபடியில் 85 கிலோ வரை ஆடலாம். 68 கிலோ பையன் 80 கிலோ ரைடரைத் தனியாக நிறுத்துகிறானா என்று பாருங்கள்.

நான்கு, பக்கத்து ஆளோடு உறவு. கார்னரும் கவரும் கணவன் மனைவி மாதிரி என்று பழைய ஆட்டக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கார்னர் காலைப் பிடித்த அதே நொடி கவர் இடுப்பில் இருக்க வேண்டும். புதுக் கவரோடு நிறுத்தினால் இவன் எத்தனை ஆட்டத்தில் பழகிக்கொள்கிறான்? வாயால் பேசுகிறானா? ரைடர் வருவதற்கு முன் "நீ உள்ளே, நான் கால்" என்று சொல்லிக்கொடுக்கிற கார்னர் கிடைத்தால் அவனைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

ஐந்து, யாருக்கு எதிராக, எந்தத் தரையில்? கரிசல் மண்ணில் ஆடிப் பழகியவனுக்கு மேட்டில் ஷூ போட்டு ஆடும்போது எல்லாமே மாறும். மேட்டில் ரைடரின் கால் வழுக்காது, திரும்புகிற வேகம் கூடும். மண்ணில் 10-க்கு 7 பிடித்தவன் மேட்டில் 10-க்கு 4 பிடித்தால் உடனே ஒதுக்கிவிடக் கூடாது. ஆறு மாதம் மேட் கொடுத்துவிட்டுப் பிறகு பாருங்கள். மைலாட்டாவுக்கு அப்படி ஒருவர் நேரம் கொடுத்ததால்தான் அவர் இன்று மைலாட்டா.

ஆறு, தப்பு செய்த பிறகு. இதுதான் முக்கியமானது. கார்னரின் ஒரு தவறான பாய்ச்சலில் மூன்று பேர் அவுட். கூட்டம் திட்டுகிறது. மறுபடி உள்ளே வந்ததும் அவன் என்ன செய்கிறான்? பழி தீர்க்க அடுத்த ரைடிலேயே பாய்கிறானா? பயந்துபோய் மூலையில் ஒடுங்குகிறானா? இல்லை, ஒன்றுமே நடக்காதது போல முன்பாதத்தில் நிற்கிறானா? மூன்றாவது பையனை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்!

பார்க்கக் கூடாதவையும் உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய ஆள், யார் போன் செய்தார்கள் என்பதெல்லாம் ஏழாவது கேள்வியாக எட்டிப் பார்க்கும். தென்மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் கபடியைப் பற்றிப் பேசினால் அது பொய். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையின் பாதிப்பில் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025-ல் வந்தபோது, மைதானத்துக்கு வெளியே எத்தனை பிடிகளிலிருந்து ஒரு பையன் தப்பித்து வர வேண்டியிருக்கிறது என்று பலர் பேசினார்கள். பேசியதோடு நின்றுவிட்டால் பயனில்லை. எழுதிவைத்த கணக்கு இருந்தால் சிபாரிசுக்கு இடம் குறையும். கணக்கு இல்லாத இடத்தில்தான் ஆள் பார்த்துச் சோறு போடுவது நடக்கும்.

தமிழ்நாட்டு அணியே ஒரு பாடம்

தமிழ் தலைவாஸ் 2017-ல் லீகுக்குள் வந்தது. 2019-ல் அந்த அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் என்று சுவரொட்டி நிறையப் பெயர்கள் இருந்தன. முடிவு? 12 அணிகளில் 12-ஆவது இடம்.

2022-ல் 2.26 கோடிக்குப் பவனை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் ஒரு ரைடரைப் பிடிக்கப் போய், முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறிவிட்டார். எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் அந்த அணியில் சாகர், சாஹில், அபிஷேக், மோஹித் என்று ஏற்கெனவே சேர்ந்து ஆடிப் பழகிய இளம் பிடி வரிசை இருந்தது. சாகர் அதற்கு முந்தைய சீசனிலேயே 82 பிடி புள்ளி எடுத்தவர். ரைடில் நரேந்தர் என்ற புதுப் பையன் 243 புள்ளி எடுத்தார். அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. விலை உயர்ந்த ஒருவர் இல்லாமல், பழகிய நாலு பேர் கொண்டு போன இடம் அது.

அதன் பிறகு 2024-ல் சச்சினுக்கு 2.15 கோடி. அந்த ஏலத்தின் மிக அதிக விலை. அணி முடித்தது 9-ஆவது இடத்தில். தவறு சச்சினுடையது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

சேரலாதனை மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். ரைட் கார்னர். லீக் தொடங்கிய 2014-ல் அவருக்கு வயது 39! மற்ற விளையாட்டுகளில் அந்த வயதில் வர்ணனை செய்யப் போய்விடுவார்கள். இவர் 2016-ல் பாட்னா பைரேட்ஸின் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். அதே வருடம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். எல்லா அணியிலும் அவருக்கு 'அண்ணா' என்றுதான் பெயர். ரைடருக்கு வேகம்தான் முதல், வேகத்துக்குத் தேய்மானம் அதிகம். கார்னருக்குக் கண்ணும் பொறுமையும் முதல், அதற்குத் தேய்மானம் மெதுவாகத்தான். வருடத்துக்கு வருடம் பலன் தருகிற சொத்தை வாங்கும்போது எதற்கு அதிக விலை கொடுக்க வேண்டும் என்று கணக்குப்பதிவியல் முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறதே!

இப்போது அந்தப் பையன்

ஒரு கற்பனைப் பையன். திருவேங்கடம் பக்கத்துக் கிராமம். வயது 20. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார், அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம், மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வட்டி. பையன் பி.காம். மூன்றாம் ஆண்டு, கல்லூரி அணியில் லெஃப்ட் கார்னர். உயரம் சுமார், எடை 70 கிலோ. கணுக்கால் பிடி சுத்தம். பொறுமை உண்டு. மேட் அனுபவம் குறைவு. தொடைப் பிடி சுமார். சங்கிலி போட்டு ஆடத் தெரியும். வலது தோள் ஒருமுறை இறங்கியிருக்கிறது.

மேலே சொன்ன ஆறு கேள்வியையும் வைத்து எழுதினால் தீர்ப்பு இப்படி வரும்: எடுக்கலாம், ஆனால் முதல் சீசனில் ஆடவைக்க இல்லை. புதிய இளம் வீரர் பிரிவில் சேர்த்து, ஒரு வருடம் மேட்டும் எடைப் பயிற்சியும் கொடுத்து, 76 கிலோவுக்குக் கொண்டுவந்தால் இரண்டாம் வருடம் மாற்று ஆட்டக்காரன், மூன்றாம் வருடம் நிரந்தர இடம். தோளை மட்டும் முதலிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிடிக்கிறவனுக்குத் தோள்தான் மூலதனம்.

பாதை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2023 ஏலத்துக்கான வீரர் பட்டியலில், கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டின் இறுதிப் போட்டியில் ஆடிய இரண்டு அணிகளின் 24 பேரையும் சேர்த்தார்கள். கல்லூரியிலிருந்து நேரே ஏலத்துக்கு ஒரு கதவு அது. ஆனால் கதவின் அகலத்தையும் பார்க்க வேண்டும். லீகில் 12 அணி. ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர். இந்தியா முழுவதுக்கும், வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்து, மிஞ்சிப்போனால் 300 இடம். 2023 ஏலப் பட்டியலில் மட்டும் 500 பேருக்கு மேல். அந்த ஏலத்தின் கடைசிப் பிரிவில் ஒருவரின் அடிப்படை விலை 9 லட்சம். தீப்பெட்டி ஆபீஸ் கூலியோடு ஒப்பிட்டால் அது மலை. ஆனால் ஒரு தோள் இறங்கினால் அந்த மலையும் ஒரே சீசனில் இறங்கிவிடும்.

அதனால் அந்தப் பையனிடம் "படிப்பை விட்டுவிட்டு முழு மூச்சாக ஆடு" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கைதட்டுகிற யாரும் அவன் அரியர் கட்டணத்தைக் கட்டப் போவதில்லை. மறுபக்கம், "கபடி சோறு போடுமா?" என்று கேட்கிறவர்களும் நிதானிக்க வேண்டும். ரயில்வே, காவல்துறை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் கபடியில் உண்டு. லீகில் இடம் கிடைக்காவிட்டாலும் மாநில அளவுச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. பட்டமும் சான்றிதழும் கையில் இருந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு கால் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு காலில் நிற்கிற கார்னரை எந்த ரைடரும் தட்டிவிட்டுப் போவான்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் பையன் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. கல்லூரிகள் ஒரு சின்ன வேலை செய்யலாம். பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மாணவர் ஒரு நோட்டோடு உட்கார வேண்டும். பாய்ந்தது எத்தனை, பிடித்தது எத்தனை, உதவியது எத்தனை, அவன் பக்கம் வந்த ரைடு எத்தனை, வெறுங்கையோடு திரும்பிய ரைடு எத்தனை. ஐந்தே பத்தி. ஒரு செல்போனில் ஆட்டத்தைப் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. வணிகவியல் துறை இல்லாத கல்லூரி உண்டா? கணக்கு எழுத ஆளா இல்லை?

அப்படி இரண்டு வருடக் கணக்கோடு ஒரு பையன் தேர்வுக்குப் போனால், "இவன் எத்தனை புள்ளி எடுத்தான்?" என்று கேட்கிறவரிடம், "ஐயா, இவன் பக்கம் யாருமே வருவதில்லை, இதோ பாருங்கள்" என்று காட்டலாம். அந்த ஒரு வரி அவன் வாழ்க்கையை மாற்றக்கூடும்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். அடுத்த கோயில் கொடையில், பொங்கல் போட்டியில், பாடிப் போகிறவனைப் பார்க்கிற கண்ணை ஒரு பத்து நிமிடம் திருப்பி மூலையில் நிற்கிறவனின் காலைப் பாருங்கள். முன்பாதத்தில் நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால், ஒரு விசில் அவனுக்கும் அடியுங்கள்.

பிடிக்கிறவன் பெயரையும் மைக்கில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?